ஆளை முழுங்கிய வண்டி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வாயால் பேசினால் எதிர்ப்பேச்சு வருகிறது. எழுதினால் வராது. அதனால் எழுதுகிறேன்.

காலையில் மூத்தவர் வந்தார். என் கணவரின் அண்ணன், ஞானசேகர். காப்பி வேண்டாம் என்றார். நேராக என் பைக் நிற்கும் ஷெட்டுக்குப் போனார். முன்சக்கரத்துக்குக் கீழே தரையில் எண்ணெய் சொட்டிக் கருப்பாக ஊறியிருப்பதைச் செருப்பு நுனியால் காட்டினார்.

"வர்ற இருபத்தஞ்சு தம்பிக்கு வருசத் திதி. அதுக்கு முன்னால இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது அம்மிணி. பழைய இரும்புக்காரன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்."

"வண்டி எம் பேருல இருக்குதுங்க மாமா."

"யாரு பேருல இருந்தா என்ன? ஆளை முழுங்குன வண்டி. இப்பப் பாரு, எண்ணெய வேற ஒழுக உட்டுட்டு நிக்குது."

"ஒழுகுனா சரி பண்ணிக்கலாமுங்க."

"சரி பண்ணி? மறுக்காவும் ஓட்டப்போறயா?"

ஆமாம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அத்தை அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. அவர் இந்த ஒரு வருஷமாக அந்த ஷெட்டுப் பக்கமே திரும்புவதில்லை. துணி காயப்போடக்கூட வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் போவார். அவருக்குப் பிள்ளை போன துக்கம். யாரால் போனான் என்று அவர் நினைக்கிறாரோ, நான் கேட்டதில்லை.

எழுதுவதென்று ஆனபின் இதையும் எழுதிவிடுகிறேன். போன ஆவணியில் மடத்துக்குளத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். வீட்டோடு எல்லோரும் போயிருந்தோம். முடிந்து பழனி ரோட்டில் உடுமலைக்குத் திரும்பும்போது, இருட்டுகிற நேரத்தில், பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று நடுரோட்டில் நின்றது. நான் ஓட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அவர் பிழைக்கவில்லை. அன்று அவருக்கு உடம்பு சரியில்லை, அதனால் நான் ஓட்டினேன். யார் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடைக்குப் போனேன். இந்தக் காற்றில் தளி ரோட்டில் வண்டி தள்ளுவது பெரிய பாடு. கண்ணெல்லாம் மண். டீக்கடைக்காரர், "ஏனுங்க, ஸ்டார்ட் ஆகலீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. அது வேறு விஷயம்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் குழாய்கள்தான் ஃபோர்க். உள்ளே எண்ணெயும் ஸ்பிரிங்கும் இருக்கும். எண்ணெய் மேலே வராமல் அடைக்கிற ரப்பர் வளையம் போய்விட்டது, ஆயில் சீல் மாற்ற வேண்டும் என்றார். எப்போது தருவீர்கள் என்றேன். துணியில் கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணன் போன் பண்ணியிருந்தாருங்க. இந்த வண்டியத் தொட வேண்டாம்னு."

"வண்டி அவரோடதில்லீங்களே."

"தெரியுமுங்க. அவரு தோட்டத்து வண்டிக அத்தனையும் இங்கதான் வருது. என்னைய மாட்டி உட்றாதீங்க அக்கா."

திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தேன். வரும்போது எதிர்க்காற்று. அந்த டீக்கடைக்காரர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

"ஃபோர்க் சீல் ஒரு ஜோடி, மேல் டஸ்ட் கவர், அடி போல்டுக்குச் செப்பு வாஷர், ஆயில்."

"எந்த மெக்கானிக்குங்க?"

"நாந்தாங்க."

கடைக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 9, சனி

சீல் ஏன் போனதென்று கண்டுபிடித்துவிட்டேன். மழைச்சாரல் பட்டு நின்ற வண்டி. குழாயில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறியிருக்கிறது. குழாய் மேலும் கீழும் போகும்போது அந்தத் துரு ரப்பரை அறுத்திருக்கிறது. நிற்கிற வண்டியில் குழாய் எப்படி மேலும் கீழும் போகும் என்று யாராவது கேட்டால், நான்தான் காரணம். சாயங்காலம் லேபிலிருந்து வந்ததும் சில நாள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து முன்பக்கத்தை அழுத்திப் பார்ப்பேன். சும்மாதான். உட்கார்ந்தால் என்ன? என் வண்டி.

இன்று பிரித்தேன். செல்போனில் ஒரு மலையாளத்துப் பையன் செய்து காட்டுகிறான். பாஷை பாதி புரியவில்லை, கை புரிகிறது. முதலில் குழாய்களின் மேல்மூடியை வண்டியிலேயே வைத்து லேசாகத் தளர்த்திக்கொள்ள வேண்டும். வெளியே எடுத்தபின் பிடிமானம் கிடைக்காது. பிறகு எஞ்சினுக்கு அடியில் செங்கல்லும் பலகையும் கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். சக்கரம் கழன்றது. பிரேக், மட்கார்டு எல்லாம் கழன்றன. கடைசியில் இரண்டு குழாய்களையும் கீழ்நோக்கி உருவி எடுத்துக் கவிழ்த்தேன். வந்த எண்ணெய் சாக்கடை நிறம். நாற்றம் வீடு முழுக்க.

"என்ன நாத்தம் இது," என்றார் அத்தை உள்ளிருந்து.

"வண்டி எண்ணெய்ங்க அத்தை."

ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

முன்சக்கரம் இல்லாமல் வண்டியைப் பார்க்க என்னவோ மாதிரி இருந்தது. கோணியைப் போட்டு மூடினேன், தூசிக்காகத்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அடி போல்ட் சனியன்.

குழாயின் அடியில் உள்ளே ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினால்தான் உள்குழாயும் வெளிக்குழாயும் பிரியும். நான் திருகினால் உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றுகிறது. எவ்வளவு நேரம் திருகினாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. இந்தக் கையால் லேபில் எத்தனை பேருக்கு ஊசி வலிக்காமல் ரத்தம் எடுக்கிறேன், ஒரு போல்டிடம் தோற்கிறேன்.

பெரிய ஸ்பேனர் தேடி அவருடைய பழைய டூல்ஸ் பெட்டியை இழுத்தேன். பெட்டிக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வேண்டாத பொருள் ஒன்று இருந்தது. காலியானது. எடுத்துக் குப்பையில் அடியில் போட்டு மேலே பழைய செய்தித்தாளைத் திணித்தேன். நிமிர்ந்தால் அத்தை வாசலில் துணிக்கூடையோடு நிற்கிறார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியாது. சுற்றுவழியாகத் துணி காயப்போடப் போய்விட்டார்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அவரிடம் கபடி பழகிய பிள்ளைகள் அன்றைக்கு யூனிபார்மோடு மாலை தூக்கிக்கொண்டு வந்து, அழத் தெரியாமல் வரிசையாக நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் சார். சாராகவே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கை வீக்கம். பேனா பிடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு நாள். அடி போல்டுக்கு வழி தெரிந்தது. ஸ்பிரிங்கைத் திரும்ப உள்ளே போட்டு, மூடியை மாட்டி, குழாயை நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருக வேண்டும். ஸ்பிரிங் அழுத்துவதால் உள்தண்டு சுற்றாது. ஆனால் அமுக்க ஒருவர், திருக ஒருவர் வேண்டும். சுவரில் ஊன்றி வயிற்றால் அமுக்கிப் பார்த்தேன். வழுக்கிக் காலில் விழுந்தது. கெட்ட வார்த்தை ஒன்று சத்தமாகவே வந்துவிட்டது.

"எங்க புடிக்கோணும்?"

அத்தை. ஷெட்டுக்கு உள்ளே. சேலையை இழுத்துச் செருகியிருந்தார்.

"உங்க சேலையெல்லாம் எண்ணெய் ஆயிருமுங்க அத்தை."

"எங்க புடிக்கோணும்னு கேட்டேன்."

காட்டினேன். குழாயின் ஒரு முனையைச் சுவரில் கொடுத்து, மறுமுனைப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழு பாரத்தையும் சாய்த்தார். காட்டு வேலை செய்த உடம்பு. ஸ்பிரிங் அமுங்கியது. நான் ஸ்பேனரைக் காலால் உதைத்தேன். டக்கென்று ஒரு சத்தம். விட்டுக்கொடுத்தது. இரண்டாவது குழாயும் அப்படியே.

அத்தை கையைப் பார்த்தார். "இது சோப்புல போவாது. சீயக்கா எங்க வெச்ச?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். ஷெட் வழியாகவே போனார்.

பழைய சீல்களை நெம்பி எடுத்தேன். காய்ந்த அப்பளம் மாதிரி உடைந்தன. உள்குழாய்களை மண்ணெண்ணெயில் கழுவி, துரு இருந்த இடத்தை நைஸ் உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு அலமாரிக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் படுக்க வைத்து, குழாயை அதன்மேல் உருட்டிப் பார்த்தேன். வளைந்த குழாயென்றால் உருளும்போது துள்ளும். கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவில் வெளிச்சம் தெரியும்.

துள்ளவில்லை. மற்றதையும் உருட்டினேன். முதலாவதைத் திரும்பவும் உருட்டினேன். வெளிச்சமே இல்லை. இரண்டும் கோல் மாதிரி நேர்.

டிராக்டரில் கொண்டுபோய் இடித்தாள் என்று ஊரே சொல்கிறது. இடித்திருந்தால் இந்தக் குழாய்கள் நேராக இருக்காது. எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

புது சீல்கள் போட்டாயிற்று. பிளம்பிங் கடையில் அளவு பார்த்து வாங்கிய பிவிசி குழாய்த் துண்டை சீலின் மேல் வைத்து, சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். எண்ணெய் அளக்க லேபில் வாய் உடைந்த கண்ணாடி அளவைக் குடுவை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பொட்டு முன்னே பின்னே இல்லை. சக்கரம் மாட்டி, செங்கல்லை உருவி, வண்டியைத் தரையில் நிறுத்தினேன். வேர்வையில் குளித்துவிட்டேன். ஜெயித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜெயிக்கவில்லை. இடது பக்கம் கசிகிறது. காலையில் முன்பக்கத்தை அழுத்தினேன், குழாயில் எண்ணெய் வளையம். இன்னொரு முறை அழுத்தினேன், வழிந்தது.

இதே நேரம் பார்த்து மூத்தவர் போன்.

"வண்டியப் பிரிச்சுப் போட்டு என்னமோ பண்ணிட்டிருக்கறயாமா. ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா?"

"தெரியுமுங்க மாமா. நீங்க பேசறதத்தான் பேசறாங்க."

போனை வைத்துவிட்டார். அப்படிப் பேசியிருக்க வேண்டாம்தான். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

ஆகஸ்ட் 20, புதன்

கசிந்த சீலைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். உள்விளிம்பில் கீறல். உள்குழாயின் முனை கூர்மையாக இருக்கிறது. அதன்மேல் சீலை அப்படியே இறக்கியதில் கிழிந்திருக்கிறது. அவசரம், வேறென்ன.

கடைக்காரர் இந்த முறை எட்டிப் பார்க்கவில்லை. "எந்தப் பக்கமுங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று அவசரப்படவில்லை. குழாய் முனைக்குப் பால் பாக்கெட் கவரை எண்ணெய் தடவிப் போர்த்தி, அதன்மேல் சீலை வழுக்கிவிட்டேன். அத்தை கூப்பிடாமலேயே வந்து மோடாவில் உட்கார்ந்திருந்தார். ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனர், துணி கேட்டால் துணி. கிளிப் வளையம் தன் பள்ளத்தில் உட்காரும்போது வரும் சின்னச் சத்தத்தை என்னைவிட முதலில் அவர்தான் கேட்டார். "உக்காந்திருச்சு," என்றார்.

எல்லாம் மாட்டியபின் பலமாக, திரும்பத் திரும்ப அழுத்தினேன். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். வெள்ளையாகவே வந்தது.

கை கழுவும்போது அத்தை கேட்டார்.

"அன்னைக்கு மண்டபத்துல ரெண்டு பேரும் சாப்டீங்களா?"

"நான் சாப்ட்டனுங்க."

"அவன்?"

"அவருக்கு உடம்பு சரியில்லைனு சொன்னாருங்க அத்தை."

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பைப்பை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திதிக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போனேன். பஸ்ஸில். பை கனம், பஸ்தான் வசதி.

ஆகஸ்ட் 25, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐயர் வந்து திதி கொடுத்து முடித்தார். காக்காய்க்கு வைத்தோம். சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் டெம்போ ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. மூத்தவர் இலையிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தார். டெம்போக்காரனிடம், "ஏத்துப்பா," என்றார்.

ரச வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"நகரு அம்மிணி. இன்னைக்குத் தம்பி திதி நாளு. சத்தம் வேண்டாம்."

"சத்தம் போடறது நானில்லீங்க. வண்டி இங்கதான் நிக்கும்."

"எந்தம்பி இந்த வண்டியிலதான் போனான்."

"வண்டியால போகலீங்க."

"பின்ன யாரால போனான்? நீயே சொல்லு, எல்லாரும் கேக்கட்டும். ஆம்பளயப் பின்னால உக்கார வெச்சுட்டுப் பொம்பள ஹேண்டில் பாரப் புடிச்சா வேறென்ன நடக்கும்? டிராக்டர் நிக்கறது தெரியலியா உனக்கு?"

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. வழக்கம்போல விழுங்கினேன். டெம்போக்காரன் ஹேண்டில் பாரில் கை வைத்தான். கையைத் தட்டிவிட்டேன்.

"அவளையெதுக்குடா கேக்கற? என்னையக் கேளு."

அத்தை நடைப்படியில் நின்றிருந்தார்.

"அம்மா, நீங்க உள்ள போங்க."

"ஒரு வருசமா உள்ளதான் இருந்தேன் ஞானம். அன்னைக்கு மண்டபத்துக்குப் பின்னால, சமையக்கட்டு ஓரத்துல, நீயும் அவனும் உக்காந்து குடிச்சுட்டு வந்தீங்க. நான் பாத்தேன். வர்றப்ப அவனுக்குக் காலு நிக்கல. நீதான் தோள்ல கை போட்டுக் கூட்டிட்டு வந்த."

"அம்மா!"

"இந்தப் புள்ள சாவியப் புடுங்குச்சு. அவன் தரமாட்டேங்கறான். நீ சிரிச்சுட்டு நிக்கற. அதையும் பாத்தேன். இவ ஓட்டாம அவன் ஓட்டியிருந்தா எனக்கு ரெண்டு பொணம் வந்திருக்கும்."

மூத்தவர் குரலைத் தாழ்த்தினார். "போனவனப் பத்தி, அதும் இன்னைக்கு, இப்படிப் பேசலாமா அம்மா?"

"எம்புள்ளதான், நாம் பேசுவேன். அவன் பேரு கெடக்கூடாதுன்னு இவ வாயத் தெறக்கல. நீ உம் பேரு கெடக்கூடாதுன்னு இவளச் சொன்ன. நானும் பெத்த பாசத்துல பாத்துட்டு இருந்தேன். போதும். டெம்போவ எடுத்துட்டுப் போகச் சொல்லு."

டெம்போக்காரன் யார் சொல்வதற்கும் காத்திருக்கவில்லை. அவனாகவே போய் ஏறிக்கொண்டான். மூத்தவர் கொஞ்ச நேரம் நின்றார். திடீரென்று வயதானவர் மாதிரி தெரிந்தார். அவரும் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர்தான். செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

நான் ரச வாளியை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஊற்றினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இனி இதை எழுதலாம்.

குடித்திருந்தார். நன்றாகக் குடித்திருந்தார். குடிக்காத நாளில் அவரைப் போல ஒரு மனுஷர் கிடையாது, அதையும் எழுத வேண்டும். ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் என் முதுகில் தலையைச் சாய்த்து, மன்னிச்சுக்க வாணி, மன்னிச்சுக்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு சொல்வது நின்றது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். டிராக்டர் தெரிந்ததும் அந்தக் கையை எடுக்க வேண்டியிருந்தது. ஒற்றைக் கையால் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பிரேக் போட முடியாது. இரண்டு கையாலும் பிடித்தேன். முன்பக்கம் அமுங்கியது. வண்டி நின்றது. டிராக்டரைத் தொடாமல் நின்றது. அவர் நிற்கவில்லை. பக்கவாட்டில் சரிந்து தலை ரோட்டில் பட, அந்தப் பாரத்தில் வண்டியும் என்மேல் சாய்ந்தது.

நான் இடிக்கவில்லை. நன்றாகத்தான் ஓட்டினேன்.

இதை எழுதிவிட்டு உரக்கப் படித்தேன். அத்தைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வண்டியைத் தெருமுனை வரை ஓட்டினேன். திரும்பி வந்துவிட்டேன். பயம். இத்தனை நாள் பஸ்ஸில் போனது வசதிக்காக இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

காலையில் பழனி ரோட்டுக்குப் போனேன். காற்று அடங்கியிருந்தது. காற்றாலைகள் பாதி நின்றிருந்தன. அந்த இடம் தாண்டி, முன்னும் பின்னும் யாரும் இல்லாத நீட்டு ரோட்டில், வேகத்தைக் கூட்டி முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். கண்ணை மூடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். முன்பக்கம் இறங்கியது, ஏறியது, நின்றது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். இரண்டு குழாயிலும் சொட்டு ஈரம் இல்லை. நடுரோட்டில் நின்றுகொண்டு அழுதேன். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான். நானும் அடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை எங்கே போனாய் என்று கேட்டார். சொன்னேன். தட்டில் தோசையைப் போட்டபடியே, "நாளைக்கு மடத்துக்குளத்துக்கு என்ற தங்கச்சியப் பாக்கப் போவோணும்," என்றார்.

"காலையில ஒம்பது மணி பஸ்ல ஏத்தி உடறனுங்க அத்தை."

"பஸ்ஸு எதுக்கு? உன்ற பின்னால உக்காந்துக்கறேன்."

"எங்கூட வண்டியில போனா வழியெல்லாம் ஊர்சனம் பாக்குமுங்க."

"பாக்கோணும்னுதான் சொல்றேன். சந்தையத் தாண்டறப்ப மெல்லமாப் போ."